விரியன் கடித்தது, சிறுநீர் நின்றது

போன இதழில் டயாலிசிஸ் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, பாம்புக் கடியாலும் சிறுநீரகம் செயலிழக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். தஞ்சை, திருவாரூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவையே அதிகம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி:

*என் வீட்டுக்காரருக்கு வயது 41. சம்பா அறுப்பில் கட்டுத் தூக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஊரிலேயே வேர் அரைத்துக் கொடுத்தார்கள். வீக்கம் ஏறியதும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. ரத்தம் உறையவில்லை என்று 20 பாட்டில் மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் ரத்தம் சரியாகிவிட்டது என்றார்கள். ஆனால் அன்றிலிருந்தே சிறுநீர் நின்றுவிட்டது. இரண்டு வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். விஷம் முறிந்துவிட்டது என்றால் சிறுநீரகம் ஏன் கெட்டது? ஒருமுறை டயாலிசிஸில் போட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிட்டு நாட்டு மருந்து பார்க்கலாமா?*

நிறுத்தாதீர்கள், அம்மா. இதை மட்டும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு வழியாகத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். மற்றதை இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தக்காரர்கள் பார்த்த டயாலிசிஸ் நோயாளிகள் பெரும்பாலும் சர்க்கரை நோயாலும் ரத்தக் கொதிப்பாலும் பல வருஷமாகச் சிறுநீரகம் சுருங்கிப்போனவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அது ஆயுள் முழுக்கத் தேவை. உங்கள் கணவருக்கு வந்திருப்பது வேறு. நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம் ஒரே இரவில் அடிபட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பவும் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் கழிவையும் வெளியே எடுத்து ஆளை உயிரோடு வைத்திருக்கத்தான் டயாலிசிஸ். டயாலிசிஸ் செய்ததால் சிறுநீரகம் கெடுவதில்லை. இப்போது அதை நிறுத்தினால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும், அல்லது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சரியாகிக்கொண்டிருந்த சிறுநீரகத்தோடு ஆளை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதும்போதே மனசு கனக்கிறது.

விஷம் முறிந்தும் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். விஷமுறிவு மருந்து செய்வது ஒரே ஒரு வேலை. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். அதற்கு முன்னால் விஷம் செய்துவிட்டுப் போன சேதத்தை அதனால் திருப்ப முடியாது. ரத்தம் உறைவதற்கான பொருட்களைக் கல்லீரல் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கிறது. அதனால் விஷம் அடங்கிய சில மணி நேரத்தில் ரத்தம் தேறிவிடும். சிறுநீரகம் அப்படி இல்லை. அந்த நாலு மணி நேரத்தில் அதன்மேல் பல பக்கத்திலிருந்தும் அடி விழுந்திருக்கும். கண்ணாடி விரியனின் விஷம் மெல்லிய ரத்தக் குழாய்களில் நுண்ணிய கட்டிகளை உண்டாக்கி அடைக்கிறது. ரத்த அழுத்தத்தை இறக்குகிறது. சிவப்பணுக்களும் தசையும் உடைந்து அவற்றின் நிறமிகள் வடிகுழாய்களில் போய்ப் படிகின்றன. இது போதாதென்று விஷம் நேராகவே அந்தச் செல்களைத் தாக்குகிறது. ரத்தத்துக்கு மருந்து குப்பியில் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு நேரம்தான் மருந்து. கடிபட்டதிலிருந்து முதல் குப்பி உள்ளே இறங்கும் வரையிலான நேரத்தைத்தான் சொல்கிறேன்.

இனி என்ன ஆகும்? சிறுநீரகத்தின் வடிகுழாய்ச் செல்கள்தான் இதில் முதலில் சாகும். அறுத்த வயலில் தாள் உயிரோடிருந்தால் மறுதாம்பு துளிர்க்கிறதல்லவா, அதுபோல அந்தச் செல்கள் ஒட்டியிருக்கும் அடிப்படைச் சவ்வு கெடாமல் இருந்தால் அந்தச் செல்கள் புதிதாக முளைத்துவிடும். பலருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் சிறுநீர் வரத் தொடங்கும். சிலருக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நாலு வாரம் நெருங்கியிருக்கும். அப்போதும் சொட்டு சிறுநீர்கூட இல்லை என்றால் மருத்துவர்கள் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம், அல்லது ஸ்கேன் எடுக்கலாம். சிறுநீரகத்தின் வெளிப் பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் திட்டுத்திட்டாகச் செத்துப்போகும் நிலை ஒன்று உண்டு. விரியன் கடியில் நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அது முழுமையாக இருந்தால் சிறுநீரகம் திரும்ப வருவது கடினம். பாதி இடத்தில் மட்டும் இருந்தால் மிச்சம் உள்ள பாதி தேறி, சில மாதம் கழித்து டயாலிசிஸிலிருந்து விடுபட்டவர்களும் உண்டு. இன்னொன்று, கழுத்திலோ தொடையிலோ தற்காலிகக் குழாய் வைத்துத்தான் இப்போது டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பார்கள். கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் பிஸ்டுலா அறுவைசிகிச்சை பற்றி யாராவது பேசினால் மட்டுமே நீண்ட கால டயாலிசிஸை நினைக்கிறார்கள் என்று பொருள். அதுவரை பயப்படாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு அளவு ஜாடி வாங்கி, 24 மணி நேரச் சிறுநீர் எவ்வளவு என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். 400 மில்லிக்குக் கீழே இருக்கும்வரை தண்ணீர் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். "சூடு தணியட்டும், சிறுநீர் இறங்கட்டும்" என்று யாராவது இளநீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் சிறுநீர் போகாதவருக்கு இளநீர் ஆபத்து, அதில் பொட்டாசியம் அதிகம். வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, கீரைத் தண்ணீர், தக்காளி சூப் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அப்புறம் ஒருநாள் திடீரென்று மூன்று லிட்டர், நாலு லிட்டர் என்று சிறுநீர் கொட்டத் தொடங்கும். எல்லோரும் சந்தோஷப்படுவீர்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த நாட்களில் நீரும் உப்பும் அளவுக்கு மேல் வெளியேறி உடம்பு வற்றிவிடும். அதனால் அப்போது கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ரத்தப் பரிசோதனை பார்த்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாலும் மறுபடி போய்க் காட்டுங்கள்.

வேர், லேகியம், பஸ்பம் எதுவும் வேண்டாம். மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளும் வேண்டாம். டைக்ளோபெனாக் போன்றவை தேறிவரும் சிறுநீரகத்தை மறுபடி கீழே தள்ளிவிடும். தேறிய பிறகும் மூன்று மாதம் கழித்து ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு), சிறுநீரில் புரதம் இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. விரியன் கடியிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் சத்தமில்லாமல் வருகிறது. செலவைப் பற்றியும் கவலை தெரிகிறது கடிதத்தில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அட்டை இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

செஞ்சியிலிருந்து ஒரு வாசகர்:

*என் அண்ணன் மகனைப் பாம்பு கடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பல் தடம் தெளிவாக இருந்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு 20 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறமும் மருந்து போடவில்லை. ஒருநாள் படுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் இது அலட்சியம் இல்லையா?*

இல்லை தம்பி, அவர்கள் செய்தது சரியான மருத்துவம். அந்தக் கண்ணாடிக் குழாய்தான் விரியன் கடியில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல கருவி. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விரியனின் விஷம் உடம்பில் வேலை செய்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் போய் நம்மை ஏமாற்றிவிடும். இடையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் பரிசோதனை கெட்டது. அதனால்தான் அவர்கள் தொடாமல் நின்றார்கள்.

விரியனின் விஷத்தில் உள்ள நொதிகள் நம் ரத்தம் உறைய உதவும் புரதங்களில், அதாவது உறைதல் காரணிகளில், பத்தாவதையும் ஐந்தாவதையும் தூண்டிவிடுகின்றன. உடம்பெங்கும் ஒரே நேரத்தில் உறைதல் நடந்து, ரத்தக் கட்டி உண்டாகத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் முழுவதும் தீர்ந்துபோகிறது. கையிருப்பு தீர்ந்த பிறகு ஈறிலிருந்து கசிந்தாலும் நிறுத்த ஆள் இல்லை. இந்தக் குணத்தால்தான் கண்ணாடி விரியனின் விஷத்தை மிகச் சிறிய அளவில் நீர்த்து, ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு உறைதல் பரிசோதனைக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் அண்ணன் மகனுக்கு ரத்தம் உறைந்திருக்கிறது. வீக்கம் ஏறவில்லை, இமை தொங்கவில்லை, மூச்சு சரியாக இருந்திருக்கிறது. அப்படியானால் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். அல்லது விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கலாம். விஷம் ஏறாத உடம்பில் விஷமுறிவு மருந்தை ஏற்றினால் லாபம் ஒன்றுமில்லை, ஒவ்வாமை ஆபத்து மட்டும்தான் மிச்சம். ஆனாலும் அவனை உடனே அனுப்பவில்லை பாருங்கள். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை அந்தக் குழாய்ப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் நம் நாட்டு வழிமுறை. சில கடிகளில் ரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் கெடும். முதல் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய், ராத்திரி வாந்தியில் ரத்தத்தோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. 24 மணி நேரம் இருக்கச் சொன்னால் இருங்கள்.

ஒன்று மட்டும். ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், வேகமாக ஏறும் வீக்கம், இமை தொங்குவது என்று அறிகுறி வெளிப்படையாகத் தெரிந்தால் எந்தக் குழாய்க்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்:

*அப்பாவுக்கு விரியன் கடித்து ஈறிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. ரத்தம் ஏற்றுங்கள் என்று கெஞ்சினோம். விஷமுறிவு மருந்துதான் முதலில் என்று சொல்லிவிட்டார்கள். பிறகுதான் பிளாஸ்மா கொடுத்தார்கள். முதலிலேயே கொடுத்திருந்தால் சீக்கிரம் நின்றிருக்காதா?*

நின்றிருக்காது. பிளாஸ்மா என்பது உறைதல் காரணிகள் உள்ள ரத்தத்தின் நீர்ப் பகுதி. விஷம் உள்ளே இருக்கும்போது ஏற்றும் பிளாஸ்மாவையும் விஷம் அதேபோலத் தீர்த்துவிடும். அதில் புதிதாக உண்டாகும் நுண்கட்டிகள் சிறுநீரகத்துக்குத்தான் போய்ச் சேரும். முதலில் விஷத்தைக் கட்ட வேண்டும். சராசரியாக ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் 63 மில்லிகிராம் விஷம் இறக்குகிறது என்று கணக்கு. நம் மருந்தின் ஒரு குப்பி, அதாவது 10 மில்லி, அந்த விஷத்தில் 6 மில்லிகிராமை முறிக்கும். முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி ஏற்றுவது இந்தக் கணக்கில்தான். ஏற்றி முடித்து 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாயில் பார்ப்போம். கல்லீரல் புதிய உறைதல் காரணிகளைச் செய்து முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் இடையில் "இன்னும் உறையவில்லையே, இன்னும் பத்து போடுங்கள்" என்று அவசரப்படுத்துவதில் பயன் இல்லை. 6 மணி நேரத்துக்குப் பிறகும் உறையாவிட்டால் அடுத்த தவணை. விஷத்தைக் கட்டிய பிறகும் ரத்தக் கசிவு ஆபத்தான இடத்தில் இருந்தால் பிளாஸ்மா கொடுப்பது நியாயம். அப்பாவுக்குச் செய்தது அந்த வரிசையில்தான்.

ரத்தம் உறையாத நேரத்தில் சதையில் ஊசி போடுவதையும் தவிர்ப்போம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். டெட்டனஸ் ஊசியைக் கூட ரத்தம் தேறிய பிறகுதான் போட வேண்டும். அதைப் போடவில்லையே என்று செவிலியரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

போளூரிலிருந்து ஒரு வாசகி:

*என் மாமனாருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றிய பத்தே நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, நடுங்கி, மூச்சு வாங்கியது. இன்னொரு முறை பாம்பு கடித்தால் அந்த மருந்தைக் கொடுக்கலாமா? குழந்தைக்கு என்றால் அளவைக் குறைப்பார்களா?*

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். இந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். குதிரையின் புரதம் நம் உடம்புக்கு அந்நியம் என்பதால் ஒவ்வாமை வருகிறது. அது வரும் என்று எதிர்பார்த்துத்தான் ஒவ்வாமையை அடக்கும் ஊசி மருந்தான அட்ரினலினைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் தொடங்குகிறோம். தடிப்போ மூச்சு வாங்குவதோ வந்தவுடன் மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, அடங்கியதும் மெதுவாக மறுபடி ஆரம்பிப்போம். விஷம் ஏறியவருக்கு இதை விட்டால் வேறு மருந்து கிடையாது. முன்பு ஒவ்வாமை வந்தது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் வந்தால் அதுவும் இந்த மருந்தால் வருவதாக இருக்கலாம், திரும்பப் போய்க் காட்டுங்கள்.

குழந்தைக்கும் பெரியவருக்கு உள்ள அதே அளவுதான். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. கர்ப்பிணிக்கும் அதே மருந்து, அதே அளவு.

மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது என்னோடு வேலை பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். உங்கள் மாமனாரின் உயிருக்குப் பின்னால் அவர்கள் சமூகத்தின் உழைப்பு இருக்கிறது.

அரியலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்:

*எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பாம்புக் கடிக்குப் பச்சிலை கொடுக்கிறது. காசு வாங்குவதில்லை. எங்களிடம் வந்து பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் எங்களைக் குறை சொல்கிறீர்கள்.*

ஐயா, காசு வாங்காமல் ராத்திரியில் எழுந்து வந்து உதவும் உங்கள் மனசை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களிடம் வந்தவர்கள் பிழைத்ததும் உண்மைதான். நம் வயலில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தவர்கள் எந்த மருந்தும் இல்லாமலே பிழைப்பார்கள். விரியனே கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காது. அவர்கள் எல்லோரும் உங்கள் கணக்கில் வரவாகிறார்கள். விஷம் இறங்கியவர்கள் உங்கள் வீட்டில் சாவதில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து எங்களிடம் வருகிறார்கள். சிலர் ஆஸ்பத்திரியில் சாகிறார்கள், சிலர் சிறுநீரகத்தை இழக்கிறார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள், நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஊரில் பாம்பு கடித்தால் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்து நீங்களே 108ஐ அழையுங்கள். கடித்த காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடித்த நேரத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இறுக்கிக் கயிறு கட்ட வேண்டாம், சதை அழுகிப்போகும். கீறி ரத்தம் எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். உறையாத ரத்தம் உள்ளவரைக் கீறினால் அந்தக் கீறலே ஆளை முடித்துவிடும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும். உங்கள் வீட்டோடு நின்றுபோகும் கடி அந்தக் கணக்கில் வராது.

வால்பாறையிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி:

*எங்கள் எஸ்டேட்டில் ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கிறது. மூக்கு நுனி தூக்கியபடி, காய்ந்த இலை நிறத்தில் இருக்கும். கடித்தால் வீக்கம்தான், உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். உண்மையா?*

முழுக்க நம்பாதீர்கள். பலருக்கு வீக்கத்தோடு போய்விடுகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் அந்தப் பாம்பு கடித்து ரத்தம் உறையாமலும் சிறுநீரகம் செயலிழந்தும் போனவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. நம்மிடம் உள்ள மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புக்கானது. இந்தக் குழிவிரியனுக்கு அது வேலை செய்வதில்லை. அதனால் குப்பி குப்பியாக ஏற்றியும் பயன் இருக்காது. ரத்த உறைதலையும் சிறுநீரையும் சில நாள் தொடர்ந்து கவனிப்பதும், தேவைப்பட்டால் சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்குவதும்தான் வழி. பாம்பைத் தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். அடித்தோ பிடித்தோ கொண்டுவர வேண்டாம், அந்த முயற்சியில் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருகிறார்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பெயர் வேண்டாம் என்று ஒரு வாசகி:

*எனக்கு வயது 29. மூன்று வருஷம் முன்னால் விரியன் கடித்து டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்தேன். கிரியாட்டினின் இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து மாதவிலக்கு இல்லை. எப்போதும் அசதி, குளிர். எழுந்தால் கண் இருட்டுகிறது. அக்குள் முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது. ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.*

நீங்கள் சோம்பேறி இல்லை, அம்மா. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் உலுக்கியது உங்களுடையதுதான். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறியும் ஒரே இடத்தைக் காட்டுகிறது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாவற்றுக்கும் உத்தரவு போவது அங்கிருந்துதான். கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போகும்போது, அல்லது ரத்த அழுத்தம் தாழும்போது, அந்தச் சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தோ ரத்த ஓட்டம் நின்றோ அது செத்துப்போகலாம். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஆன பெண்களுக்கு வருவதும் இதே நோய்தான். பர்மாவில் விரியன் கடித்தவர்களிடம் இது விவரிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவிலும் நாங்கள் பார்க்கிறோம். சிறுநீரகம் மோசமாகக் கெட்டவர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். ஆண்களுக்கும் வரும். தாம்பத்திய ஆசை போய்விட்டது, மீசை தாடி வளரவில்லை என்று வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப்போடாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஹார்மோன் பிரிவுக்குப் போங்கள், அது இல்லாவிட்டால் பொது மருத்துவப் பிரிவுக்கு. விரியன் கடி, டயாலிசிஸ் இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோங்கள். காலை 8 மணிக்கு அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன், பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., புரொலாக்டின், அதோடு சோடியம் பார்ப்பார்கள். பிறகு பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்து "நார்மல்" என்றால் திருப்தியடைய வேண்டாம். அந்த டி.எஸ்.எச். சுரப்பதே பிட்யூட்டரிதான். அது கெட்டிருக்கும்போது அந்த அளவு நம்மை ஏமாற்றும். தைராய்டே சுரக்கும் டி4 ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோய் உறுதியானால் சிகிச்சை மாத்திரைகள்தான், விலையும் அதிகமில்லை. ஆனால் வரிசை முக்கியம். ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு முதலில், சில நாள் கழித்துத்தான் தைராய்டுக்கான தைராக்சின். மாற்றிக் கொடுத்தால் ஆளைச் சாய்த்துவிடும். மாதவிலக்குக்கும், பின்னால் குழந்தை வேண்டுமென்றால் அதற்கும் தனியாக ஹார்மோன் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசியாகப் போட உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். இந்த விவரத்தை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைத் தாள்கள் வந்ததும் இதழின் முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்து உங்களுக்குத் தனியாகவே எழுதுகிறேன்.